இரண்டு அறைகளிலும் ஒரே சொல்

பலேர்மோ துறைமுகத்தைப் பார்த்த தெருவொன்றில், மூன்றாம் மாடியில், இரண்டு அமெரிக்கச் சகோதரிகளிடம் ஆறு வருடம் வேலை செய்தேன். சமையல், துப்புரவு, பல்லரோச் சந்தைக்குப் போய் வருவது எல்லாம் என் பொறுப்பு. அவர்களுடைய பெர்மெசோ, அதாவது வதிவிட அனுமதி, முடிகிற மாதத்தில் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலகத்தில் அவர்களுக்கு வழிகாட்டுவதும் நான்தான். அந்த வரிசையில் நான் பழைய ஆள், அவர்கள் புதியவர்கள். எந்தப் படிவத்துக்கு எத்தனை பிரதி வேண்டும் என்று அவர்கள் என்னைக் கேட்பார்கள்.

இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. அவர்களுடைய பாட்டனார் இந்தத் துறைமுகத்தில்தான் கப்பலேறி அமெரிக்கா போனவராம். துணையை இழந்த பிறகு இருவரும் சேர்ந்து இங்கே வீடு வாங்கி வந்துவிட்டார்கள். மூத்தவர் முப்பது வருடம் பள்ளிக்கூட அதிபராக இருந்தவர். இளையவர் கணவரோடு ஆணி, குழாய், பெயின்ற் விற்கும் கடை நடத்தியவர். இத்தாலிய வழக்கப்படி நான் அவர்களைப் பெரிய சிஞ்ஞோரா, சின்ன சிஞ்ஞோரா என்று கூப்பிடுவேன். எங்களுக்குள் கதைத்தது ஆங்கிலத்தில். ஆனால் எனக்குள் அது எங்கள் ஊர்த் தமிழாகத்தான் பதிந்திருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

ஒரே மேசையில் சாப்பிடுவார்கள், ஒரே கண் மருத்துவரிடம் போவார்கள். செய்தி மட்டும் தனித்தனி. கடல் பக்க அறையில் பெரியவர், முற்றப் பக்க அறையில் சின்னவர், ஆளுக்கொரு கணினியில் தங்கள் தங்கள் கட்சிக்காரரின் செய்தியைப் பார்ப்பார்கள். இருவருக்கும் காது மந்தம் என்பதால் சத்தம் உச்சத்தில் இருக்கும். நான் சமைக்கிற குசினி நடுவில். கட்சிகளின் வரலாறு எனக்குத் தெரியாது. நிறத்தை வைத்து ஞாபகம் வைத்துக்கொண்டேன். பெரியவர் நீலம், சின்னவர் சிவப்பு.

நான் காது கொடுத்ததற்குக் காரணம் ஒரு சொல். ரேசிஸ்ட். நீல அறையில், சிவப்புக்காரர் கறுப்பு மக்களையும் வந்தேறிகளையும் வெறுக்கிற ரேசிஸ்ட்டுகள் என்றார்கள். சிவப்பு அறையில், எதற்கெடுத்தாலும் தோலைப் பார்க்கிற நீலக்காரர்தான் உண்மையான ரேசிஸ்ட்டுகள் என்றார்கள். மற்றவன் வாயை அடைக்கத்தான் அந்தச் சொல்லை எடுக்கிறார்கள் என்றும் சொன்னார்கள். தேர்தல் நெருங்க நெருங்க அது கூடிக்கொண்டே போனது. சில வேளை ஒரே நிமிடத்தில் இரண்டு கதவாலும் வரும். நான் நடுவில் நின்று உள்ளி உரித்துக்கொண்டிருப்பேன்.

அடிபட்டவனுக்குச் சொந்தமான சொல் அது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால் எங்களிடமும் ஒன்று இருந்தது. இலங்கையில் இனவாதி என்போம். ஒரு தமிழர் தன் உரிமையைக் கேட்டால் எதிரில் இருப்பவர் அவரை இனவாதி என்பார். நாங்களும் அவரை அதையே சொல்வோம். முதலில் சொன்னவருக்கு ஒரு வசதி. மற்றவர் தான் அப்படியில்லை என்று விளக்கியே களைத்துப் போவார். அது எங்கள் நாட்டு வியாதி என்று நினைத்திருந்தேன். இவ்வளவு பெரிய நாட்டிலும் அதே வியாதியா என்று அறிய எனக்கு ஆவலாக இருந்தது. ஆனால் வேலை செய்கிற வீட்டில் அரசியல் கேட்கக்கூடாது என்பது நான் எனக்கே வைத்திருந்த சட்டம். கேட்கவில்லை.

அந்த வருடம் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டை அதன் சொந்தக்காரர் தன் மகளுக்காகத் திரும்பக் கேட்டார். மனைவியும் நானும் வேறு வீடு தேடினோம். ஒரு விளம்பரத்தைப் பார்த்து, சகோதரிகள் வீட்டுக் குசினியிலிருந்தே தொலைபேசியில் கதைத்தேன். என் இத்தாலிய மொழி பிழையில்லை. ஆனால் உச்சரிப்பு ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். எந்த நாடு என்று அந்த மனிதர் கேட்டார். சொன்னேன். வீடு நேற்றே போய்விட்டது என்று வைத்துவிட்டார்.

பெரிய சிஞ்ஞோரா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“அந்த இலக்கத்தைத் தாரும்” என்றார்.

அவருடைய இத்தாலியன் என்னுடையதைவிட மோசம். ஆனால் அது அமெரிக்க மோசம். நாளைக்கே வந்து பாருங்கள் சிஞ்ஞோரா, பல்கனியும் இருக்கிறது என்று அதே மனிதர் சொன்னார்.

பெரியவருக்கு முகம் சிவந்துவிட்டது. இதை இணையத்தில் தன் பக்கத்தில் எழுதட்டுமா, என் படத்தையும் போடட்டுமா என்று கேட்டார். எனக்காக ஒருவர் கோபப்படுவது இதமாக இருந்தது. ஓம் என்றேன். நான் கத்தரிக்காயும் கையுமாக நிற்கிற பழைய படமொன்றைப் போட்டார்.

அடுத்த நாள் பஸ்ஸில் வரும்போது வாசித்தேன். வீட்டுக்காரரைப் பற்றி நாலு வரி. அதன்பிறகு சிவப்புக் கட்சியைப் பற்றி இரண்டு பந்தி. கீழே முதல் ஆளாகப் பதில் எழுதியிருந்தவர் பக்கத்து அறையில் இருந்த தங்கச்சி. ‘உங்கள் கட்சி ஆளுகிற நகரங்களில் மட்டும் எல்லாருக்கும் வீடு கிடைக்கிறதா? நீங்கள்தான் ரேசிஸ்ட்டுகள், அதை மறைக்கத் தெரிந்தவர்கள்’ என்று எழுதியிருந்தார். அதன் கீழே மைத்துனர்கள், பழைய மாணவர்கள், முன்பின் தெரியாதவர்கள். மூன்று நாள் போனது. நான் காசுக்கு நடிக்கிற ஆள் என்று ஒருவர் எழுதினார். ஒரு மண்ணிறத்து மனிதனுக்கு ஏப்ரன் கட்டி வைத்திருக்கிற இந்தச் சகோதரிகள்தான் ரேசிஸ்ட் என்று ஒரு பெண் எழுதினார். அந்த வீட்டுக்காரர் எந்தக் கட்சி என்று விசாரித்தவர்களும் உண்டு. எனக்கு வீடு கிடைத்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. அதைத் தேடித் தேடிக் கீழே வரைக்கும் போனேன்.

மனைவியும் பார்த்துவிட்டாள்.

“இஞ்சரப்பா, இதில உங்களைப் பற்றி என்ன இருக்கு? கத்தரிக்காயைப் பற்றியாவது ஒருத்தி கேட்டிருக்கிறாள், என்ன கறி எண்டு.”

மூன்றாம் நாள் மத்தியானம் இருவரும் மேசையில் இருந்தார்கள். ஒருவரையொருவர் பார்க்கவில்லை. உப்பைக்கூட என் மூலமாகத்தான் கேட்டுக்கொண்டார்கள். பாஸ்தாவை வைத்துவிட்டு, என் சட்டத்தை நானே உடைத்தேன்.

“சிஞ்ஞோரா, அந்தப் படத்தை எடுத்துவிடுங்கோ.”

பெரியவர் நிமிர்ந்தார். “ஏன்? நடந்தது உண்மைதானே? அவன் ரேசிஸ்ட் இல்லையெண்டு நினைக்கிறீரா?”

“செய்தது அதுதான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் நீங்கள் எழுதினது அந்த வீட்டுக்காரருக்குத் தெரியாது. அமெரிக்காவில இருக்கிற ஆக்களுக்குத்தான் தெரியும்.”

சின்னவர் சிரித்தார். “நான் சொன்னன்தானே. அக்காவுக்கு உம்மட வீடு முக்கியமில்லை, என்னை அடிக்க ஒரு தடி வேணும்.”

“ஒண்டு கேக்கலாமோ?” என்றேன். “எனக்கு உண்மையாத் தெரியாமல்தான் கேக்கிறன். ஒருத்தரை அந்தச் சொல்லால சொன்னால், அதுக்குப் பிறகு அவர் என்ன செய்ய வேணுமெண்டு எதிர்பாக்கிறியள்?”

நான் குற்றம் சொல்வதாக எடுத்துக்கொள்வார்களோ என்று பயந்து, என் கதையைச் சொன்னேன்.

நான் பலேர்மோ வந்த புதிதில், கோடையில் மொண்டெல்லோக் கடற்கரை உணவகமொன்றில் கோப்பை கழுவினேன். ஒருநாள் அவசரத்தில் டிக்கெட் எடுக்காமல் பஸ்ஸில் ஏறிவிட்டேன். பரிசோதகர் ஏறினார். இளம் ஆள். எல்லாரிடமும் கேட்டபடி வந்து என்னிடமும் கேட்டார். பக்கத்தில் நின்ற நண்பனிடமிருந்து புதிதாகக் கற்றிருந்த சொல்லை எடுத்துவிட்டேன். ‘ராத்சிஸ்தா.’ ரேசிஸ்ட்டுக்கு இத்தாலியன். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அந்த இளைஞனுக்குக் காது மடல் வரை சிவந்துவிட்டது. அப்படியில்லை, அப்படியில்லை என்று சொல்லிக்கொண்டே அடுத்த தரிப்பில் இறங்கிப் போனார். எனக்கு முதலில் ஒரு சந்தோஷம். இவ்வளவு சின்னச் சொல்லுக்கு இவ்வளவு பலமா என்று. பிறகு அந்தக் காது என் நினைவை விட்டுப் போகவில்லை.

சின்ன சிஞ்ஞோரா மேசையில் தட்டினார். “பாத்தியா அக்கா? இதைத்தானே நான் சொல்லுறன்.”

“இன்னும் முடியேல்லை, சிஞ்ஞோரா.”

இரண்டு வருடம் கழித்து வேறொரு பரிசோதகர். ஏறியதும் முன்வரிசை எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேரே என்னிடம் வந்தார். என் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெர்மெசோவும் கேட்டார். எனக்குப் பின்னால் இருந்த இரண்டு கறுப்புப் பெண்களிடமும் கேட்டார். அத்தோடு இறங்கிவிட்டார். அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. முதல் தடவை பொய்யாகச் சொன்னவன் இப்போது எப்படிச் சொல்வது என்று ஒரு கூச்சம்.

“சொல்ல வேண்டிய அண்டைக்குச் சொல்லேல்லை. சொல்லக் கூடாத அண்டைக்குச் சொன்னன். அவ்வளவுதான்” என்று முடித்தேன்.

சின்னவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். பெரியவர் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். வெளியே நேப்பிள்ஸ் கப்பல் ஊதியது. அவர் கதைக்கத் தொடங்கியபோது என்னிடம் அல்ல, தங்கச்சியிடம்தான் கதைத்தார்.

“பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில நூலகத்துக்குப் புதுக் கட்டடம் கட்டக் கேட்டது ஞாபகமிருக்கா? ஊர்ச் சபையில ஒருத்தர் எதிர்த்தவர்.”

“பல் வைத்தியர்.”

“ஓம். அவர் கூரையைப் பற்றித்தான் கதைச்சவர். பழைய கூரை ஒழுகுது, முதல் அதைத் திருத்துவம் எண்டு. நான் எழும்பி, இந்தப் பக்கத்துக் கறுப்புப் பிள்ளைகள் வாசிக்கிறது இவருக்குப் பிடிக்கேல்லை எண்டு சொன்னன். அவர் அப்பிடிப்பட்டவர் இல்லையெண்டு எனக்குத் தெரியும். அவர் சிவப்பு. தேர்தல் வருஷம். எல்லாரும் கை தட்டினவை. கட்டடம் வந்தது.”

“நீ அப்ப வெண்டிட்டன் எண்டு சொன்னனி” என்றார் சின்னவர்.

“வெண்டனான்தானே.” பிறகு என்னைப் பார்த்தார். “நீர் கேட்டதுக்கு மறுமொழி அதுதான். அவர் என்ன செய்ய வேணுமெண்டு நான் யோசிக்கேல்லை. வாயை மூடினால் காணும் எண்டு நினைச்சன். அவர் மூடினவர்.”

சின்னவர் இதைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு ஆடுவார் என்று எதிர்பார்த்தேன். ஆடவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு தானே குசினிக்குப் போனார். ஆறு வருடத்தில் அப்படிச் செய்தது அந்த ஒருநாள்தான்.

படம் அன்றைக்கே எடுபட்டது.

அடுத்த நாள் காலை சின்ன சிஞ்ஞோரா சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றார். “வாரும், அந்த வீட்டுக்காரனிட்டைப் போவம்.” எனக்கு ஆச்சரியம். அந்தச் சொல் ஊதிப் பெருத்துவிட்டது என்று நாள் முழுக்கச் சொல்கிறவர் இவர்தான். வழியில் ஏன் என்று கேட்டேன்.

“என்ர கடையில ஒரு கறுப்பு மனுசி சாமான் வாங்க வந்தவ. என்ர வேலைக்காரன் அவ போற இடமெல்லாம் பின்னால போறான் எண்டு என்னட்டை வந்து சொன்னவ. நான் காது குடுக்கேல்லை. உவை எல்லாத்துக்கும் இதைத்தானே சொல்லுவினம் எண்டு நினைச்சன்.”

வீட்டுக்காரர் அறுபது வயதுக்காரர், கையில் நாய்க் கயிறு. சின்ன சிஞ்ஞோரா தன் உடைந்த இத்தாலியனில் மூன்றே வசனம் சொன்னார். இவர் கேட்டபோது வீடு இல்லை என்றீர்கள். என் அக்கா கேட்டபோது இருக்கிறது என்றீர்கள். ஏன்? அவ்வளவுதான். அந்தச் சொல்லை எடுக்கவேயில்லை. கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நகராமல் நின்றார்.

வேறு ஆள் என்று நினைத்தேன் என்று அந்த மனிதர் முதலில் சொன்னார். பிறகு, முன்பு இருந்த வெளிநாட்டுக்காரர் குளியலறையைப் பழுதாக்கிவிட்டார் என்றார். அது இவரா என்று சின்னவர் கேட்டார். இல்லை. சமையல் வாசம் சுவரில் ஏறும் என்று அயலவர்கள் சொல்கிறார்கள் என்றார். அவர்களுடைய மீன் வாசம் ஏறாதா என்று சின்னவர் கேட்டார். அந்த மனிதர் நாயைத் தடவினார். கடைசியில், வேண்டுமென்றால் வந்து பாருங்கள் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அவர் என் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

போய்ப் பார்த்தோம். நல்ல வீடு. ஆனால் மனைவி படியிறங்கும்போதே முடிவு சொல்லிவிட்டாள். “ஒவ்வொரு நாளும் இவையள் மூக்கை உறிஞ்சிப் பாப்பினம் எண்டு நினைச்சுக்கொண்டு என்னால சமைக்கேலாது.” எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். அவ்வளவு பாடுபட்டுத் திறந்த கதவு. ஆனால் அவள் சொன்னது சரி. பல்லரோப் பக்கம் கடை வைத்திருக்கிற வங்காளதேசத்துக்காரர் ஒருவர் தன் மேல்மாடியைத் தந்தார். அங்கேதான் இன்றும் இருக்கிறோம்.

அமெரிக்கத் தேர்தல் வந்து போனது. இரண்டு அறைகளிலும் சத்தம் குறையவில்லை. இருவரும் கட்சி மாறவும் இல்லை. பெரிய சிஞ்ஞோரா அந்தப் பல் வைத்தியருக்கு ஒரு கடிதம் எழுதினார். மூன்று தடவை கிழித்து எழுதினார். தபாலில் போட்டது நான். இரண்டு மாதம் பதில் இல்லை. ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதே தெரியாது. நான் ஒவ்வொரு நாளும் கீழே தபால் பெட்டியைப் பார்த்தேன். எனக்குத்தான் அவரைவிட ஆவல் கூட.

ஒருநாள் பதில் வந்தது. ஒரே தாள். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எங்கள் இருவருக்கும் சத்தமாக வாசித்தார். கடிதம் கிடைத்தது என்று பல் வைத்தியர் எழுதியிருந்தார். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு சில நோயாளிகள் வராமல் விட்டதாகவும், தன் மனைவி ஒரு வருடம் அந்தத் தெருவாலேயே போகாமல் இருந்ததாகவும் எழுதியிருந்தார். மன்னித்தேன் என்றும் இல்லை, மன்னிக்கமாட்டேன் என்றும் இல்லை. தங்கள் பக்கத்தில் இப்போது பனி கொட்டுகிறது, பலேர்மோவில் காலநிலை எப்படி என்று கேட்டு முடித்திருந்தார்.

பெரியவர் தாளை மடித்து மேசையில் வைத்தார்.

“என்ன எழுதப் போறாய்?” என்று தங்கச்சி கேட்டார்.

“காலநிலையைக் கேட்டிருக்கிறார்” என்றார் பெரியவர். “அதை எழுதுவன்.” பல்கனிக் கதவைத் திறந்து, வெயில் எப்படி இருக்கிறது என்று பார்க்க வெளியே போனார்.