ஜீப்புக்குள் கொட்டிய மஞ்சள் தண்ணீர்

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரத்துக்கு, சில மாதங்களுக்கு முன்பு, மலாக்கா காஜா பேராங்கில் நடந்தது இது. அப்போது நான் போலீஸ் கான்ஸ்டபிள். ஊர் முழுக்கக் கூட்டமும் ஊர்வலமுமாக இருந்ததால் எங்கள் எல்லோருக்கும் லீவு ரத்து. சனங்களுக்குக் கொண்டாட்டம், எங்களுக்குத் திண்டாட்டம்.

அன்று காலை மாரியம்மன் திருவிழா ஊர்வலத்துக்குப் பின்னால் பாதுகாப்புக்கு எங்கள் திறந்த ஜீப் போனது. ஓட்டியவர் என்னைவிட மூத்தவர், பிள்ளைகுட்டிக்காரர். இரவு டூட்டி முடித்து வந்த மனிதரை அப்படியே மறுபடியும் வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

“கண்ணு எரியுது தம்பி. ஏதாச்சும் பேசிக்கிட்டே வா லா,” என்றார்.

ஓட்டுபவரைத் தூங்க விடாமல் பக்கத்தில் இருப்பவர் பேச்சுக் கொடுக்க வேண்டும். அது எங்கள் வழக்கம். நானும் வாய் வலிக்கப் பேசினேன். வண்டியோ நடை வேகத்தில் ஊர்ந்தது. வெயில் வேறு. அந்த நேரம் பார்த்து ஸ்டேஷனிலிருந்து வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார்கள். பதில் சொல்லத் திரும்பினேன்.

அதற்குள் அவர் தலை சாய்ந்துவிட்டது. கால் அழுந்தி ஜீப் வேகமெடுத்தது. நேர் முன்னால், கைக்குழந்தையை இடுப்பில் வைத்தபடி ஒரு பெண் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தாள்.

காவடி எடுப்பவர்களின் சுடுகிற பாதங்களுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்ற வாசலில் நின்ற ஒரு செட்டி வீட்டு அம்மா இதைப் பார்த்துவிட்டார். வாளித் தண்ணீரை அப்படியே டிரைவர் முகத்தில் வீசினார். அவர் பதறிப்போய் பிரேக்கை மிதித்தார். வண்டிக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

ஊர்வலத்துக்கு முன்னால் போன எங்கள் சார்ஜன் ஓடி வந்தார். டிரைவரின் காக்கிச் சட்டை முழுக்க மஞ்சள். என்ன நடந்தது என்று அதட்டினார். தூங்கியது தெரிந்தால் டிரைவருக்கு வேலை போய்விடும்.

“சாலா சாயா, துவான்,” என்றார் அந்த அம்மா. அங்குள்ள செட்டிகள் பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய தமிழ் வழியினர்; வீட்டில் பேசுவது மலாய்தான். தப்பு தன்னுடையது, கை தவறிக் கொட்டிவிட்டது என்று சாதித்தார். சார்ஜன் நம்பினாரோ இல்லையோ, சட்டையை மாற்றிக்கொண்டு மத்தியானம் பண்டார் ஹிலிரில் நடக்கும் கூட்டத்து டூட்டிக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார்.

டிரைவர் முகத்தைத் துடைக்கக்கூட இல்லை.

“தண்ணி பட்டது சொகமா இருந்துச்சு தம்பி,” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த அம்மாவை இன்றும் மனதுக்குள் கும்பிடுகிறேன். அவர் சொன்ன பொய்யால் ஒரு குடும்பத்தின் சோறு தப்பியது. ஆனாலும், “எனக்குத் தூக்கம் வருது” என்ற உண்மையைச் சொல்ல ஓர் இடம் இல்லாமல் அந்த மனிதர் ஈரச் சட்டையோடு மறுபடியும் வண்டியைக் கிளப்பியதை நினைத்தால், இந்த வயதிலும் எனக்கு ஆறவில்லை.