ஒரு கைப்பிடி முடியும் மூன்று வேண்டுதலும்

"ஏட்டி, நீ புஸ்தகத்தப் பாத்துத்தான் பிள்ளைக்கு மூச்சுவிடப் படிச்சுக் குடுப்பியாக்கும்?" என்று என் அத்தை கேட்டாள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து கைக்குழந்தையோடு சித்தூருக்கு நான் ரயிலேறிய நாள் அது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மிஷன் போர்டிங்கில் எட்டாம் வகுப்பு முடித்து, சுகாதாரப் பாடத்தில் பரிசும் வாங்கியவள். மூச்சுவிடுவது யாரும் படித்துக்கொடுக்க வேண்டிய காரியமில்லை என்று அப்போது நினைத்திருந்தேன்.

என் கணவருக்குச் சித்தூர் ரயில் நிலையத்தில் சரக்குக் குமாஸ்தா வேலை. ராஜம்மா என்கிற அம்மாளின் வீட்டில் பின்கட்டு அறை ஒன்றில் குடியிருக்கிறோம். ராஜம்மா பாதி தமிழும் பாதி தெலுங்குமாகப் பேசுவார். கோபம் வந்தால் முழுத் தெலுங்கு. இந்த ஊரில் எனக்கு முதலில் விசித்திரமாகப்பட்டது, இங்கே ஒரு வீட்டுக் குழந்தையின் இருமல் அந்த வீட்டுக்கு மட்டும் சொந்தமில்லை என்பது. எங்கள் ஞானப்பூ இரவில் இருமத் தொடங்கிய இரண்டாம் நாள் காலையிலேயே பால்காரி வாசலில் நின்று, "நேத்து மொத கோழி கூவ சொல்லோ ஒரு தபா, அப்பறம் ஒரு தபா, சரியாமா?" என்று கணக்கை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டாள். தெற்கே எங்கள் ஊரில் வீடுகள் பனைகளுக்கு நடுவே தள்ளித் தள்ளி இருக்கும். ஒரு வீட்டில் பிள்ளை பிறந்ததே அடுத்த வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைக் கோயிலில்தான் தெரியவரும்.

பகலில் ஞானப்பூ இருமவே மாட்டாள். பொழுது சாய்ந்து விளக்கேற்றிய பிறகுதான் தொடங்கும். முகம் சிவந்து, கண்ணில் நீர் வழிந்து, குடித்த பாலையெல்லாம் கக்கிவிட்டு, பிறகு மூச்சை இழுக்க ஒரு பாடுபடுவாள். விடிந்ததும் ஒன்றும் நடக்காதது போலச் சிரிப்பாள். உடம்பு நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே வந்தது. அரசாங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். டாக்டர் குழாயை மார்பில் வைத்துக் கேட்டார். ஞானப்பூ குழாயைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தாள். இவளுக்கு ஒன்றும் இல்லையே, இருமும்போது கொண்டுவா என்று தெலுங்கில் சொன்னார். இவள் இருமுகிற நேரத்தில் ஆஸ்பத்திரி பூட்டியிருக்கிறதே என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்ல வாயெடுத்தேன். எனக்கே இருமல் வந்துவிட்டது. அவர் முகம் தெளிந்தது. நாக்கை நீட்டச் சொன்னார், முதுகைத் தட்டினார், ஒரு மிக்ஸ்சர் எழுதிக் கொடுத்தார், எனக்கு. குழந்தையின் நோயைச் சொல்லத் தெரியாமல் தன் நோயைக் குழந்தைமேல் ஏற்றிச் சொல்லும் தாய்மார்கள் உண்டு என்று கம்பவுண்டரிடம் அவர் விளக்கியது எனக்கு முழுதும் புரிந்தது. அந்த அளவுக்குத் தெலுங்கு அதற்குள் வந்திருந்தது.

வைத்தியம் கைவிட்டதும் தெரு கையில் எடுத்துக்கொண்டது. நாங்கள் குடிவந்த நாள்முதலே ராஜம்மா தினம் விளக்கு வைக்கும் நேரத்தில் தூபக்காலில் கனல் எடுத்துக்கொண்டு எங்கள் அறைக்குள் வருவார். சாம்பிராணி போட்டுப் புகை நன்றாகக் கிளம்பியதும் குழந்தையை அதன்மேல் இப்படியும் அப்படியும் காட்டுவார். பனி உள்ளே வராமல் இருக்க ஒற்றைச் சன்னலைச் சாத்திக் கோணிச் சாக்கால் அடைத்தும் விடுவார். அன்று இரவு இருமல் கூடினால், மறுநாள் சாம்பிராணியும் கூடும். அதோடு வேப்பிலை சேர்ந்தது. பிறகு ஓமம் சேர்ந்தது. ஒருநாள் அடுத்த வீட்டுப் பெண்களும் வந்து, இது திருஷ்டி, மிளகாய் சுற்றிப் போட்டால் தெரிந்துவிடும் என்றார்கள். திருஷ்டி இருந்தால் மிளகாய் நெடி வராது, இல்லையென்றால் வரும், அதுதான் பரீட்சை. மிளகாய் கனலில் விழுந்ததும் அறையில் இருந்த பெண்கள் எல்லோரும் மூலைக்கு ஒருவராக நின்று இருமினார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த என் கணவரும் இருமினார். அந்த நேரம் பார்த்து ஞானப்பூ மட்டும் இருமவில்லை. பயத்தில் வாயைத் திறந்தபடி இருந்தாள். நெடி வந்ததால் திருஷ்டி இல்லை என்று பாதிப்பேரும், குழந்தைக்கு வராததால் திருஷ்டிதான் என்று மீதிப்பேரும் சொன்னார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே வெகுநேரம் வாதாடினார்கள். எனக்கும் அப்போது ஒன்றும் தோன்றவில்லை. சுகாதாரப் புத்தகத்தில் குடிதண்ணீர், ஈ, கொசு எல்லாம் இருந்தன. அன்போடு கொண்டுவரும் சாம்பிராணி இல்லை.

அதன் பிறகு குழந்தை பாலை விட்டு முகத்தைத் திருப்பத் தொடங்கியதும் ராஜம்மா என்னை உட்காரவைத்து மெதுவாகச் சொன்னார். திருமலைக்கு மொக்கிக்கொண்டிருக்கிறாராம். இங்கே வேண்டுதலுக்கு மொக்கு என்று பேர். இருமல் நின்றால் குழந்தையின் முடியை மலைக்குக் கொடுப்பதாக வேண்டுதல். எங்களைக் கேட்கவில்லையே என்றேன். "சாமியாண்ட கேக்கறதுக்கு உன்ன இன்னாமா கேக்கறது?" என்றார். மறுநாள் பால்காரி, தான் அதே முடியைத் திருத்தணி முருகனுக்கு முன்னமேயே சொல்லிவிட்டதாகத் தகராறுக்கு வந்தாள். முடி என்று பெரிதாகச் சொல்கிறேன். பின்தலை படுத்துப் படுத்துத் தேய்ந்து வழுக்கை, முன்னால் ஒரு கைப்பிடி இருந்தது, அவ்வளவுதான். இவர்கள் சண்டையைச் சிரிப்புக்காக என் கணவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. துண்டை மடித்துக்கொண்டே இருந்தார். சரக்கு விஷயமாகத் திருப்பதி ஸ்டேஷனுக்குப் போன அன்று பிளாட்பாரத்தில் நின்றால் மலை தெரிந்ததாம்.

"நானும் மலைக்குச் சொல்லிட்டேன்," என்றார்.

மூன்று தலைமுறையாக ஜெபம் சொல்லும் வீட்டுப் பிள்ளை அவர். கல்யாணத்தில் எங்களுக்கு வேதபுத்தகம்தான் கொடுத்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அந்த மனிதர் எவ்வளவு பயந்துபோயிருக்கிறார் என்பதுதான் தெரிந்தது. சரி, போவோம் என்றேன். மொட்டை அடித்தாலும் இருமல் நிற்காது, அப்போதாவது நான் சொல்வதை யாராவது கேட்பார்கள் என்ற வீம்பும் உள்ளே இருந்தது. ஆனால் சொல்வதற்கு என்னிடம் என்ன இருந்தது என்று கேட்டால், ஒன்றும் இல்லை.

நாங்கள் ரயில் பாஸிலும் ராஜம்மா டிக்கெட்டிலுமாகத் திருப்பதி போய், அவர் தங்கை வீட்டில் இறங்கினோம். கூரை வீடுகள் நெருங்கிய சந்து அது. கோடைக்காற்று வீசும் காலம். போன வருஷம் தீப்பிடித்த பயத்தில் பொழுது சாய்ந்தால் அந்தச் சந்தில் யாரும் கனல் வைத்துக்கொள்வதில்லை. எல்லோரும் வாசலில் கயிற்றுக்கட்டில் போட்டு வானத்தைப் பார்த்துப் படுத்தோம். மறுநாளே மலையேறலாம் என்றால், செவ்வாய்க்கிழமை முடி எடுக்கக் கூடாதாம். புதன் ஞானப்பூ பிறந்த கிழமை, ஆகாது. வியாழன் அமாவாசை. வெள்ளி, பெண் குழந்தைக்கு நல்லதல்ல. சனிக்கிழமை பெருமாளுக்கு உகந்தது, ஆனால் கத்திக்கு உகந்ததில்லை என்று தங்கையும், உகந்ததுதான் என்று ராஜம்மாவும் தெலுங்கில் கிளம்பினார்கள். என் கணவர் லீவு முடிந்து சித்தூர் போய், மறுபடி சனிக்கிழமை சாயங்காலம் வந்துசேர்ந்தார். இத்தனை நாளும் குழந்தையின் முடி தலையில்தான் இருந்தது. இத்தனை நாளும் அவள் இருமவில்லை. முதல் இரவு பயந்து அவள் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கட்டிலில் கிடந்தபோதுதான் எனக்கு எங்கள் விடிலி ஞாபகம் வந்தது. தெற்கத்திக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், பதனீர் காய்ச்சுகிற ஓலைக்குடிசைதான் விடிலி. பனைப்பருவம் முழுதும் அம்மா அதற்குள் காய்ந்த ஓலையை எரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கண் எப்போதும் சிவந்தே இருக்கும். மடியில் தம்பி இருப்பான். அவன் பருவம் முழுதும் இருமுவான். மழைக்காலத்தில் அடுப்பு அவிந்ததும் இருமல் நின்றுவிடும். அது அவன் உடம்பு வாகு என்று சொல்லிக்கொண்டோம். அப்பாகூட, இவன் கருப்பட்டி விலை ஏறும்போது இருமுகிறான் என்று கேலி செய்வார். வாகு அவனிடம் இல்லை, ஓலையில் இருந்தது. சாம்பிராணி வாசனையாக இருந்தால் புகை இல்லாமல் போய்விடுமா?

சனிக்கிழமை சாயங்காலம் ராஜம்மா பூரித்துப்போய், "பாத்தியாமா, முடிய வாங்கிக்கிறதுக்கு முன்னயே சாமி கொணப்படுத்திட்டாரு," என்றார். நான் புகையைப் பற்றி எடுத்துச் சொன்னேன். சன்னலைச் சொன்னேன், தம்பியைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"பொகையா? நா பொறந்ததுலேர்ந்து பொகையிலதான கெடக்கறேன், எனக்கு இன்னா ஆச்சு?" என்றவர் இரண்டு முறை தொண்டையைச் செருமி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நன்றாகவே இருமினார். "இது புழுதிக் காத்து," என்றார்.

அவர் முகத்தைப் பார்த்தேன். தினமும் எங்களுக்காகக் கனல் ஊதினவர். திரும்பிப் போனதும் நன்றிக்காகவே இரண்டு மடங்கு புகை போடுவார், அது நிச்சயம். என்னுடைய நியாயம் சரியாக இருந்து குழந்தைக்கு என்ன பிரயோசனம்? ஆகவே குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"அம்மா, மொக்குல இன்னொண்ணும் சேத்துக்கிடுங்க. முடியைக் குடுத்த பெறவு ரெண்டு வயசு வரைக்கும் அவ இருக்க அறையில பொகையே ஆகாதுன்னு. சன்னலும் தொறந்தே இருக்கணும்னு."

ராஜம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க சாமி மேல இல்லாத பக்தி எங்க சாமி மேல உனக்கு வந்துட்டுது," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் வேறெங்கோ பார்த்தேன்.

ஞாயிறன்று படியேறினோம். மேலே என்னை யாரும் எந்தச் சபை என்று கேட்கவில்லை. நான் கோயிலுக்குள் போகாமல் மொட்டையடிக்கும் கொட்டகையில் குழந்தையோடு உட்கார்ந்தேன். ஒரே சாமிக்கு இரண்டு பேர் வேண்டிக்கொண்ட முடி ஒரே தலையில் தீருமா, இரண்டாவது வேண்டுதலுக்கு மறுபடி வளர்க்க வேண்டுமா, திருத்தணிக்கென்று பால்காரி கேட்டனுப்பிய ஒரு கொத்தை முதலிலேயே தனியே எடுப்பதா, கடைசியில் எடுப்பதா என்று ராஜம்மாவும் என் கணவரும் மும்முரமாக இருந்தார்கள். நாவிதர் தண்ணீரைத் தடவி இரண்டு இழுப்பில் வேலையை முடித்து, அடுத்த தலையை வரச்சொல்லிவிட்டார். முடி எல்லாம் ஈரத்தரையில் ஊராரின் முடியோடு சேர்ந்து போயிற்று. சித்தூர் திரும்பியதும் பால்காரிக்கு என் பின்னலின் நுனியில் கொஞ்சம் வெட்டிக் கொடுத்தேன். முருகனுக்குத் தெரியவா போகிறது என்று அவளே சமாதானம் ஆனாள்.

இப்போது எங்கள் அறைக்குள் புகை வருவதில்லை. தெருவில் ஒருத்திக்கும் மொக்கை மீறும் தைரியம் இல்லை. ராஜம்மாவே தினமும் சன்னல் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறார். இருமல் அப்புறம் திரும்பவே இல்லை, கன்னம் வந்துவிட்டது. புகழெல்லாம் மலைக்குப் போயிற்று. எனக்கு இதில் வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். சுகாதாரப் பாடத்தில் பரிசு வாங்கியவள் கண்டுபிடித்தாள் என்று ஒருத்தியாவது சொல்லக்கூடாதா என்று தோன்றத்தான் செய்கிறது.

மலையிலிருந்து வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையில் மொட்டைத் தலையில் சந்தனம் மணக்க ஞானப்பூ என் மடியில் இருந்தாள். உபதேசியார் பிரசங்கத்தை நிறுத்தாமலே முறைத்தார். பிறகு வாசலில் நிறுத்தி விசாரித்தார். முடி போனது நிஜம் ஐயா, மூச்சு வந்ததும் நிஜம் என்றேன். அவர் போனதும் அவர் மனைவி என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். அவர்கள் பேரனுக்கும் இராத்திரி இருமலாம். நான் காதில் சொன்னேன். கேட்டுக்கொண்டார். ஆனால், புகை போடாதே என்றால் மருமகள் வீட்டார் யார் வழக்கம் என்று கேட்பார்களே, இன்னா சொல்றது என்றார்.

"தெக்கத்தி வழக்கம்னு சொல்லுங்க," என்றேன். தெற்கே பிள்ளைகளைப் புகையில் முக்கி எடுக்கிற ஊர் எங்கள் ஊர்.

இந்தப் பருவத்துக்கு நாங்கள் ஊருக்கு வருகிறோம். அம்மா பேத்தியை மடியில் வைத்துக்கொண்டுதான் பதனீர் காய்ச்சுவேன் என்று சொல்லியனுப்பியிருக்கிறாள். புகை ஆகாது என்று நான் சொன்னால் அத்தையோடு சேர்ந்து சிரிப்பாள். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. இந்தப் பத்திரிகையை அவளுக்கு வாசித்துக் காட்டும் புண்ணியவான்களே, தயவுசெய்து இந்தப் பாராவை மட்டும் விட்டுவிடுங்கள். ஏனென்றால், இரண்டு வயது வரை பிள்ளையை விடிலிக்குள் கொண்டுபோகக் கூடாது, இது சித்தூர்ப் பக்கத்து வழக்கம், மீறினால் இங்கே எங்களைச் சேர்க்கமாட்டார்கள் என்று நேற்றே அவளுக்கு எழுதித் தபாலில் போட்டுவிட்டேன்.