கை கொடுக்காதவள்

பிரஸ் மெஷினில் ஒரு கால் போனபிறகு மேனாம்பேட்டில் தனியாக இருந்தேன். எங்கள் வார்டில் என்னைப்போன்றவர்களுக்கு ஒத்தாசை செய்கிற பெண் தினமும் வருவாள். கட்டைக்குட்டையான உடம்பு, ஓயாமல் பாக்கு மெல்லும் வாய். நான் விழுந்தால் தூக்கமாட்டாள். வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்துகொண்டு, "எந்திரி நைனா. நான் இல்லாதப்போ எவன் தூக்குவான்?" என்பாள். ரத்தம் வந்தாலும் அப்படித்தான். ராட்சசி என்று திட்டியிருக்கிறேன்.

ஒருநாள் என்னை ஹோமில் தள்ள அண்ணன் ஆட்டோவோடு வந்தான். வரமாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டேன். கன்னத்தில் அறைந்து, முடியைப் பிடித்து வாசல்வரை தரையில் இழுத்தான். அவள் என் ஊன்றுகோலை எடுத்து அவன் முட்டியில் ஓங்கிப் போட்டாள். அலறிக்கொண்டு விழுந்தான்.

வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தாள்.

"எந்திரி நைனா," என்றாள் அவனிடம். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இன்னா பாத்துகினு கீற? நீயுந்தான்."