பந்தில்தான் கோளாறு

கண்ணாடிக் கடைக்காரருக்கு அந்தத் தெருவில் 'இதுவா அதுவா' என்று பெயர். கடைக்குள் வந்து உயரமான நாற்காலியில் உட்கார்ந்தவர் யாராக இருந்தாலும் சரி, மூக்கின் மேல் கனமான சோதனைச் சட்டத்தை மாட்டி, ஒரு வில்லையைப் போட்டு, அதை எடுத்து, இன்னொன்றைப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருந்துச்சா?" என்று கேட்பார். பதில் சொல்லத் தடுமாறினால் கோபித்துக்கொள்ள மாட்டார். மறுபடி முதலிலிருந்து காட்டுவார். அந்த நாற்காலியில் கருகருவென்ற தலையோடு உட்கார்ந்து நரைத்த தலையோடு எழுந்து போனவர்கள் உண்டு என்று எதிர்க்கடையில் சாவி வெட்டுகிறவர் சொல்வார். அது மிகைதான், ஆனால் ரொம்ப மிகை இல்லை.

இந்தப் பழக்கம் கடையோடு நிற்கவில்லை. செருப்பு வாங்கப் போனால் இடது காலில் ஒன்று, வலது காலில் வேறொன்று மாட்டிக்கொண்டு கடைக்கும் வாசலுக்குமாக நடந்து பார்ப்பார். தலையணை வாங்கப் போய்க் கடையிலேயே தூங்கிவிட்டதும் உண்டு. "என்னைக் கட்டிக்கிறப்ப மட்டும் ரெண்டாவது வில்லை போட்டுப் பார்க்கலை" என்று அவர் மனைவி சொல்வார். அது பெருமையா புகாரா என்று கண்டுபிடிக்க அவருக்கு இன்றுவரை தைரியம் வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையானால் அவரும் மச்சானும் நகராட்சி கோல்ஃப் மைதானத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. நின்றுபோன லிஃப்டுகளை ஓட வைப்பது தொழில். இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று பேசிப் பேசியே அவர்களை அமைதியாக்குவதில் மகா கெட்டிக்காரர். "ஒண்ணுமில்லைங்க, இதோ வந்துடுச்சு" என்பது அவர் தினமும் சொல்லும் பொய். அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு சின்ன நடுக்கம்கூட இருக்காது.

இரண்டு பேருக்குமே கோல்ஃப் வராது. வராது என்பதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதும் கிடையாது. அதனால்தான் விளையாட்டு இத்தனை வருடம் தடங்கலில்லாமல் ஓடியது.

அப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் பந்து காணாமல் போக ஆரம்பித்தது.

புதருக்குள் போய்க் காணாமல் போவது வேறு. அது அவர்களுக்குப் பழகிப்போன விஷயம். இது ஆகாயத்திலேயே காணாமல் போனது. மட்டை பட்ட சத்தம் நன்றாகத்தான் கேட்டது. தலையை நிமிர்த்திப் பார்த்தால் துவைத்துக் காயப்போட்ட வேட்டி மாதிரி வெறும் வெளுப்பு. பந்து எங்கே? கடைக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். இல்லை.

"சாயம் சரியில்லை" என்று தீர்ப்புச் சொன்னார். "இப்பல்லாம் பந்துக்கு மட்டமான வெள்ளை அடிக்கிறாங்க மச்சான்."

மச்சான் அவர் முகத்தையே ஒரு கணம் பார்த்தார். பிறகு, ஆமாம், எல்லாவற்றிலும் கலப்படம்தான் என்று ஒத்துக்கொண்டார்.

அன்றைக்குத் தொடங்கியது பரிசோதனை. கெட்டிப் பந்து, மெத்துப் பந்து, பளபளப்பானது, மங்கலானது, குட்டையிலிருந்து எடுத்துக் கழுவி விற்கிற பழசு என்று வகைக்கு ஒன்றாக வாங்கி வந்தார். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார். ஒன்றைக் கடித்துக்கூடப் பார்த்தார் என்று மனைவி சொல்வார், அவர் மறுப்பார். குளிர்ந்தால் பந்து மந்தமாகிறதா என்று தெரிந்துகொள்ள ஒன்றைக் குளிர்சாதனப் பெட்டியின் முட்டைத் தட்டில் வைத்தார். இன்னொன்றை ஜன்னல் வெயிலில் காய வைத்தார். அவசரத்துக்கு முட்டை உடைக்கப் போன மனைவி பந்தைக் கரண்டியால் தட்டித் தட்டி ஓய்ந்துபோன காலை ஒன்றும் உண்டு.

அலமாரி உயரத்திலிருந்து குளியலறைத் தரையில் ஒவ்வொரு பந்தாகப் போட்டு எது அதிகம் எழும்புகிறது என்று பார்த்தபோது, கீழ்வீட்டு வக்கீல் சண்டைக்கு மேலே ஏறி வந்தார். அவரைப் பேசவே விடவில்லை. குளியலறை வாசலில் நிறுத்தி, ஒரு பந்தைப் போட்டு, இன்னொன்றையும் போட்டு, இதுவா அதுவா என்று கேட்டுவிட்டார். வந்த காரியத்தை மறந்து, கொஞ்ச நேரம் யோசித்து, "ரெண்டாவதுதான்னு தோணுது" என்றார் வக்கீல். அதற்குப் பிறகு மேலே சத்தம் கேட்டால், தன்னை ஏன் கூப்பிடவில்லை என்றுதான் அவருக்கு வருத்தம்.

வீட்டில் இவ்வளவு என்றால் மைதானத்தில் சொல்லவே வேண்டாம். ஒரே இடத்தில் நின்று, ஒரே மட்டையால், ஒவ்வொரு வகையாக அடிப்பார். அடித்துவிட்டு, "எங்க?" என்பார்.

"நடுவுல மச்சான்" என்பார் மனைவியின் தம்பி. "கோடு போட்ட மாதிரி நேரா."

மச்சானுக்கு நீளக் கால். அவர் மட்டைப் பையைக்கூடத் தூக்காமல் விறுவிறுவென்று முன்னால் போய்விடுவார். கடைக்காரர் மெல்ல நடந்து போய்ச் சேரும்போது, வெட்டிய புல்லின் நடுவே பந்து சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் மச்சான் கையாட்டிக்கொண்டு நிற்பார். கெட்டிப் பந்தும் நடுவில். மெத்துப் பந்தும் நடுவில். குட்டையில் ஊறிய பழைய பந்துகூட அதே நடுவில்.

வேறு யாராக இருந்தாலும் தலைகால் புரியாமல் ஆடியிருப்பார்கள். இவருக்கோ அது நல்ல அறிகுறியாகப் படவில்லை. ஏனென்றால் தொழில் அவருக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்திருந்தது. எந்த வில்லையைப் போட்டாலும் 'ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு' என்கிறவரிடம் அவர் அதற்கு மேல் வில்லை மாற்ற மாட்டார். சட்டத்தைக் கழற்றிவிட்டு, கண் டாக்டரைப் பாருங்கள் என்று முகவரி எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார். அந்த நினைப்பு பக்கத்தில் வரும்போதெல்லாம் அவர் புதிதாக இன்னொரு பந்து வாங்கினார்.

அவருடைய அப்பா கடைசிக் காலத்தில் சுவரைத் தடவித் தடவித்தான் நடந்தார். அந்தப் பழைய வீட்டில் சுவர் நெடுக, இடுப்பு உயரத்தில், விரல் தேய்ந்த கறை ஒரு பட்டையாக ஓடியது. வெள்ளையடிக்க வந்தவர் கேட்டபோது அம்மா அதை மட்டும் விட்டுவிடச் சொன்னார். கடைக்காரர் அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. கண் போனால் ஞாயிற்றுக்கிழமை போகும். ஞாயிறு போனால், அடுத்தவர் கண்ணைத் தொட்டுப் பார்க்க நமக்கு என்ன யோக்கியதை என்று கடையும் போகும். பந்தில் கோளாறு என்றால் ஒன்றும் போகாது. ஆகவே கோளாறு பந்தில்தான்.

கடையில் இது வெளியே தெரியாமல் போனது ஆச்சரியமில்லை. எழுத்துப் பலகை அவருக்கு மனப்பாடம். வந்தவர் எந்த எழுத்தைத் தப்பாகப் படித்தார் என்று திரும்பிப் பார்க்காமலே சொல்வார். வில்லையின் ஓரத்திலிருக்கும் பொடி எண்களைக் கொஞ்ச நாளாக மனைவிதான் படித்துச் சொன்னார். விளக்கு சரியில்லை என்று அவர் சொன்னார். மனைவி விளக்கையும் மாற்றினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மைதானத்திலிருந்து திரும்பியவர் சமையலறைக்குள் புகுந்து பெரிய பாத்திரத்தில் தண்ணீரை நிரப்பி, வீட்டிலிருந்த உப்பையெல்லாம் கொட்டினார். உப்புத் தண்ணீரில் கோல்ஃப் பந்து மிதக்கும். சுழற்றிவிட்டால், உள்ளே ஒரு பக்கம் கனம் அதிகமுள்ள பந்து எப்போதும் அதே பக்கத்தைக் கீழே வைத்து நிற்கும். மேலே நிற்கிற இடத்தில் மையால் ஒரு புள்ளி வைத்துவிட்டு மறுபடி சுழற்றிப் பார்க்க வேண்டும். புள்ளி திரும்பத் திரும்ப மேலேயே வந்தால் பந்து கோணல்.

மனைவி வாசற்படியில் சாய்ந்து நின்று, வெந்ததும் சொல்லுங்கள், உரித்து வைக்கிறேன் என்றார்.

அவர் சிரித்துக்கொண்டே பந்தைச் சுழற்றினார். அது நின்றதும் பேனாவால் குறி வைத்தார். மறுபடி சுழற்றினார். "பார்த்தியா? புள்ளி மேல வரவே இல்லை. பந்து சுத்தம்."

மனைவி பார்த்தார். பந்து சுத்தம்தான். பொட்டுக் கறை இல்லாத வெள்ளை. புள்ளி பாத்திரத்தின் விளிம்பில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் முந்தைய பந்துகளுக்கு வைத்த புள்ளிகள். இன்னும் இரண்டு அவருடைய கட்டைவிரலில்.

கேலி செய்யத் திறந்த வாயை அவர் மூடிக்கொண்டார். அடுப்புத் துணியால் கணவரின் கையைத் துடைத்துவிட்டார். துடைத்து முடித்த பிறகும் கையை விடவில்லை.

"கடைச் சாவியை எடுங்க" என்றார். "ஒரு வேலை பாக்கி இருக்கு."

ஞாயிறு மத்தியானம் கடைத் தெருவே ஓய்ந்திருந்தது. மனைவி ஷட்டரைப் பாதி தூக்கி அவரை உள்ளே தள்ளி, உயரமான நாற்காலியைக் காட்டினார். எத்தனையோ வருடமாக அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றே பழகியவருக்கு அதில் ஏறக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. கால் தரையில் எட்டவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்; இத்தனை நாள் யாருமே சொல்லவில்லையே என்றார். மனைவி சுவரோரம் ஒருமுறை போய்வந்து, சோதனைச் சட்டத்தை அவர் மூக்கில் மாட்டி, ஒரு கண்ணை மறைத்தார்.

"படிங்க."

"எந்த வரி? கடைசி வரியே படிக்கிறேன்" என்று அவர் நெஞ்சை நிமிர்த்தினார். "ட, ப, ம, ய, வ, ழ. போதுமா? பின்னாலிருந்து சொல்லட்டுமா?"

மனைவி சுவரோரம் போய் பலகை விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பி வந்தார். நாற்காலியின் கைப்பிடியில் இருந்த அவருடைய கையின் மேல் தன் கையை வைத்தார்.

"அங்க எழுத்து இல்லைங்க" என்றார். "குழந்தைங்க பலகையை மாட்டியிருக்கேன். குடையும் வாத்தும்தான் இருக்கு."

பாதி ஷட்டருக்கு வெளியே ஒரு சைக்கிள் போனது. கடைக்காரர் சட்டத்தைக் கழற்றவில்லை. சட்டத்துக்குள்ளேயே கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"பந்துன்னு நினைச்சேன்" என்றார் கடைசியில்.

"தெரியும்."

"அப்பா மாதிரி…"

"அவர் டாக்டர்கிட்ட போகலை. நீங்க போகப் போறீங்க. எத்தனை பேருக்கு முகவரி எழுதிக் கொடுத்திருக்கீங்க? இப்ப நான் எழுதித் தர்றேன், வாங்கிக்குங்க."

கண் டாக்டரம்மா பார்த்த மாத்திரத்தில் புரை என்று சொல்லிவிட்டார். இரண்டு கண்ணிலும் முற்றியிருந்தது, ஆனால் எடுக்கக்கூடியது. "நீங்க அனுப்பின ஆளுங்க எல்லாரும் வந்துட்டுப் போயிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் வரலைன்னு பார்த்தேன்" என்று சிரித்தார். அப்பாவுக்கு இருந்ததும் இதுவாகவே இருந்திருக்கலாம் என்று அவர் சொன்னபோது மட்டும் கடைக்காரர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றார்.

முதல் கண்ணுக்கு அறுவை முடிந்து கட்டுப் பிரித்த அன்று அவர் முதலில் பார்த்தது மனைவியின் முகம்.

"இதெல்லாம் எப்ப நரைச்சது?"

"நீங்க பந்தைப் பார்த்துக்கிட்டிருந்தப்போ" என்றார் மனைவி.

அவர் கை நீட்டி அந்த நரையை ஒதுக்கிவிட்டார். இதுவா அதுவா என்று கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தபின் ஒட்டடை தெரிந்தது, சட்டைக் கறை தெரிந்தது, கீழ்வீட்டு வக்கீல் மீசைக்கு மை போடுவது தெரிந்தது. இரண்டாவது கண்ணும் முடிந்து, குனியலாம் நிமிரலாம் என்று டாக்டரம்மா உத்தரவு கொடுத்த பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, மச்சான் விடிந்ததும் வாசலில் வந்து நின்றார்.

மைதானத்தில் ஒவ்வொரு புல்லும் தனித்தனியாக எழுந்து நின்றது. கடைக்காரர் புல்லில் சின்னக் குச்சியை நட்டு, அதன் மேல் பந்தை வைத்து, மூச்சை இழுத்து, அடித்தார். நிமிர்ந்தார்.

பந்து தெரிந்தது. பச்சை மரங்களுக்கு மேலே, நீலத்தில், உப்புக்கல் மாதிரி. அது கொஞ்ச தூரம் நேராகப் போனது. பிறகு, அவர் கண்ணெதிரே, தயக்கமே இல்லாமல் இடது பக்கம் வளைந்து முட்புதருக்குள் போய் விழுந்தது.

"நடுவுல மச்சான்" என்றார் பக்கத்திலிருந்தவர். "கோடு போட்ட மாதிரி நேரா." சொல்லிவிட்டு வழக்கம்போல விறுவிறுவென்று முன்னால் நடந்தார்.

கடைக்காரர் நின்ற இடத்திலேயே நின்றார். தூரத்தில் அந்த நீளக் கால் மனிதர் புதரருகே போய், இந்தப் பக்கம் ஒருமுறை முதுகு காட்டி, குனிந்து, கையை உள்ளே விட்டு, முள் குத்தியதில் கையை உதறி, மறுபடி விட்டு எடுத்ததையெல்லாம் பார்த்தார். எடுத்ததைக் காலோடு ஒட்டி மறைத்துக்கொண்டு புல்வெளியின் நடுவுக்கு வந்து மெல்ல நழுவ விட்டதையும் பார்த்தார். பிறகு மச்சான் நிமிர்ந்து கையாட்டினார்.

கெட்டிப் பந்து, மெத்துப் பந்து, குட்டைப் பந்து, அத்தனையும் அவர் மனதில் வரிசையாக வந்து நின்றன. அத்தனைக்கும் அந்தக் கை முள்ளில் போய் வந்திருக்கிறது. அவர் சட்டையின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அறுவை செய்த கண் என்றால் கொஞ்சம் நீர் வரத்தான் செய்யும். பிறகு அவசரப்படாமல் நடந்து போய்ச் சேர்ந்தார்.

பந்தில் ஒரு முள் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து அதை எடுத்துப் போட்டார். மச்சானின் கையைப் பார்த்தார். மச்சான் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"நல்லாத் தெரியுதா மச்சான் இப்ப?" என்று கேட்டார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

"பக்கத்துல இருக்கிறதெல்லாம் நல்லாத் தெரியுது" என்றார் கடைக்காரர். "தூரத்துலதான் இன்னும் கொஞ்சம் மங்கல்."

"அது போகப் போகச் சரியாயிடும்."

"அவசரமில்லை. அதுவரைக்கும் நீயே பார்த்துச் சொல்லு."

அடுத்த குழிக்கான ஆட்டத்தில் மச்சான் குச்சியை நட்டுத் தன் பந்தை வைத்தார். அடித்த அடியில் அது வலது பக்கம் பறந்து, ஒரு மரத்தில் மோதி, குட்டையில் முங்கியது. வளையங்கள் விரிந்து கரை வரை வந்ததைக்கூடக் கடைக்காரர் தெளிவாகப் பார்த்தார்.

"எங்க போச்சு?" என்றார் மச்சான், கண்மேல் கை வைத்து.

"நடுவுல" என்றார் கடைக்காரர். பையிலிருந்து ஒரு பந்தை எடுத்து உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு, இந்த முறை அவர் முன்னால் நடந்தார்.