பொரிப் பையில் வந்த ஹப்

பொரி கனக்காது. ஒரு படி பொரியைக் கைக்குழந்தைகூடத் தூக்கிவிடும். ஆனால் அந்த ஆயுத பூஜை அன்று என் கையில் இருந்த பொரிப் பை விரலை அறுத்தது. வலியை முகத்தில் காட்டக் கூடாது என்று மாமா சொல்லியிருந்தார். எனக்கு ஒன்பது வயது. அம்மாவின் தம்பியான அந்த மாமா கிணற்றில் குதிக்கச் சொன்னால், தண்ணீர் இருக்கிறதா என்றுகூடக் கேட்காமல் குதித்திருப்பேன்.

மாமா சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துத் தொழிற்பேட்டையில், கார்களுக்கு ஹப் செய்கிற ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் தொழிலாளி. ஹப் என்றால் சக்கரத்தின் நடுவில் உட்கார்ந்து, பேரிங்கைத் தனக்குள் வைத்துக்கொண்டு, சக்கரத்தைத் தாங்கிச் சுற்றவிடுகிற இரும்பு. ஒரு ஷிப்டில் நூற்றுக்கணக்கில் அவர் கை வழியாகப் போகும். எட்டு வருஷம் அப்படிப் போய்க்கொண்டிருந்தும் அவரை மட்டும் பர்மனென்ட் ஆக்கவில்லை. அப்பா அதைச் சொல்லிக் காட்டாமல் விட்டதே இல்லை. "இன்னா மச்சான், இன்னும் காண்ட்ராக்ட்தானா?" என்பதுதான் எங்கள் வீட்டில் மாமாவுக்குக் கிடைக்கும் முதல் தண்ணீர்.

அப்பா புதுப்பட்டினத்திலிருந்து சிறுசேரிக்கு ஆபீஸ் ஆட்களை ஏற்றி இறக்கச் சின்னக் கார் ஒன்று வைத்திருந்தார். அந்த ஆவணியில் அதன் இடது பின் சக்கரம் உறும ஆரம்பித்தது. வேகம் கூடினால் சத்தமும் கூடும். பின் சீட்டில் உட்கார்ந்தால் தொடை வரை அதிரும். பேரிங் போய்விட்டது, ஹப்பையே மாற்ற வேண்டும் என்றார் மெக்கானிக். அதையே செய்கிற மனிதன் வீட்டில் இருக்கும்போது கடையில் வாங்குவதா என்று மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. கம்பெனியில் சொல்லி, பூஜைக்குள் கொண்டு வருகிறேன் என்று அக்காவிடம் வாக்குக் கொடுத்தார். கம்பெனியில் அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னாலும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

ஆயுத பூஜை அன்று ஒருநாள் மட்டும் தொழிலாளிகள் வீட்டு ஆட்களைக் கம்பெனிக்குள் விடுவார்கள். மாமா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு மெஷினுக்கும் மாலை, சந்தனம், குங்குமம். மூலையில் ஒரு டிரே நிறைய ஹப் இருந்தது. அதில் இருந்த ஒவ்வொன்றிலும் சிவப்பாக ஒரு பொட்டு. அது குங்குமம் இல்லை, கழித்துப்போட்ட பீஸ் என்று அடையாளம் வைக்கிற பெயின்ட் என்பது எனக்குத் தெரியாது. மாமாவுக்குத் தெரியும். ஒரு கீறல் இருந்தாலே கழித்துவிடுகிறவர்கள், இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்ததாகப் பின்னாளில் அவரே என்னிடம் சொன்னார். நல்ல பீஸுக்கு எண்ணிக்கை உண்டு. கழித்ததை யார் எண்ணப்போகிறார்கள்? எல்லோரும் தீபாராதனைக்குக் கண் மூடியிருந்தபோது ஒன்று என் பைக்குள் பொரிக்கு அடியில் போனது.

"கேட்டாண்ட ஓடாத, குனியாத. இன்னா கீதுன்னு கேட்டா பொரி, தேங்கான்னு சொல்லு" என்றார்.

கேட்டில் பெரியவர்களின் பைகளையெல்லாம் தடவிப் பார்த்தார்கள். என் கன்னத்தைக் கிள்ளி அனுப்பினார்கள். நான் பொரி, தேங்காய் என்று யாரும் கேட்காமலே சொன்னேன்.

பஸ்ஸில் மாமா என் உள்ளங்கையைத் தன் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினார். அதுவும் அம்மா மேல். யார் மேல் சத்தியம் செய்கிறோமோ, அதை மீறினால் அவர் செத்துப்போவார். வாய்ப்பாட்டில் சந்தேகம் இருந்தாலும் இதில் எங்கள் வகுப்பில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. யாரிடமும், முக்கியமாக அப்பாவிடம், சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

மறுநாள் காலை அப்பாவும் மாமாவும் காரை ஜாக்கியில் ஏற்றினார்கள். அப்பாதான் சக்கரத்தைக் கழற்றினார், பிரேக் டிரம்மைத் தட்டி உருவினார், நடு மூடியை நெம்பிப் பெரிய நட்டைத் திருகினார். மாமா பக்கத்தில் நின்று பார்த்தார். லட்சம் ஹப் செய்தவர், அது காரில் எங்கே உட்காருகிறது என்பதை அன்றைக்குத்தான் பார்க்கிறார். பழையது துருப்பிடித்துப் பிடிவாதமாக இருந்தது. புதியது தண்டில் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. சிவப்புப் பொட்டைப் பார்த்துவிட்டு, பூஜை போட்ட பீஸா என்று அப்பா கேட்டார். மாமா ஆமாம் என்றார். அப்பா தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஓட்டிப் பார்த்தபோது உறுமல் இல்லை. கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போய்த் திரும்பினோம். அப்பா வாழ்க்கையில் முதல்முறையாக மச்சான் தோளில் கை போட்டார். அம்மாவுக்கு அன்று முழுக்க வாய் கொள்ளாத சிரிப்பு. தம்பியைப் புருஷன் மதித்துவிட்டான் என்பதைவிடப் பெரிய பண்டிகை அவளுக்கு இல்லை.

நான்கு நாள் கழித்துக் கம்பெனியில் அந்த டிரேயை எண்ணினார்கள். எண்ணாமல் விட அது கீறல் விழுந்த சரக்கு இல்லை. உலை நடுவில் அணைந்து, உள்வளையம் சரியாகப் பதம் ஏறாமல் போன சரக்கு. ஓட ஓட உள்ளே விண்டுபோகும். ஒன்று குறைகிறது, எடுத்தவர் சொல்லிவிடுங்கள், அது ரோட்டில் ஓடக் கூடாது என்று ஷிப்ட் கூடியதும் சொன்னார்களாம். மாமா சொல்லவில்லை. தீபாவளி முடிந்ததும் பர்மனென்ட் பட்டியல் வரும், அதில் அவர் பெயர் உண்டு என்று பேச்சு. அந்தப் பட்டியலை நம்பி மதுராந்தகத்தில் ஒரு வீட்டில் பெண் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அங்கே சொன்னால் வேலை போகும். அப்பாவிடம் சொன்னால் மானம் போகும். செங்கல்பட்டில் ஒரு கடையில் வேறு ஹப்புக்குச் சொல்லிவைத்தார். சனிக்கிழமை வரும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை ஏதாவது சாக்குச் சொல்லி மாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டார்.

அதுவரை தினமும் சாயங்காலம் ஷிப்ட் முடிந்து, இரண்டு பஸ் மாறி எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்ததும் காரைத்தான் பார்ப்பார். பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றுவார். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஹப்பில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு, மூச்சுவிடாமல் கேட்பார்.

"இன்னா டாக்டர், நாடி எப்டி கீது?" என்று அப்பா சிரிப்பார்.

மாமாவும் சிரித்தார். அம்மா தம்பிக்குத் தோசை வார்த்தாள். எங்கள் மேல் திடீரென்று இவ்வளவு பாசமா என்று பக்கத்து வீட்டில் பெருமை பேசினாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. அந்த நாட்களைப் போலச் சந்தோஷமாக நான் இருந்ததில்லை. ஒரே ஒரு வார்த்தை. 'இதை ஓட்டாதீங்க' என்ற ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு அவர் எத்தனை தோசை வேண்டுமானாலும் தின்றிருக்கலாம்.

சந்தோஷம் தாங்காமல்தான் நான் வாயை விட்டேன். புதன்கிழமை மதியம், சாப்பாட்டு நேரத்தில், பக்கத்தில் உட்காருகிற சிநேகிதியிடம் பொரிப் பையின் கதையைச் சொன்னேன். கேட்டைத் தாண்டிய வீரத்தை ஒருவரிடமாவது சொல்லாமல் எத்தனை நாள் அடக்குவது? சொல்லி முடித்த பிறகுதான் சத்தியம் ஞாபகம் வந்தது. மிச்சச் சோற்றை அப்படியே மூடி வைத்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்கு ஓடிப் போய்ப் பார்த்தேன். அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பயம் தெளிந்தது.

மறுநாள் வியாழக்கிழமை. அப்பாவும் அம்மாவும் பழுது பார்க்கக் கொடுத்திருந்த கிரைண்டரை வாங்கச் செங்கல்பட்டு போனார்கள். திரும்பும்போது, கல் உருண்டுவிடப் போகிறதே என்று கிரைண்டரை முன் சீட்டில் வைத்து பெல்ட் போட்டார் அப்பா. அம்மா பின்னால் இடது பக்கம் உட்கார்ந்தாள். திருக்கழுக்குன்றம் தாண்டி ஏரிக்கரை வளைவில் அந்தப் பக்கத்துச் சக்கரம் கழன்று போய்விட்டது. கார் சுழன்று புளியமரத்தில் இடது பக்கமாக மோதியது. அப்பாவுக்குக் கையில் எலும்பு முறிவு. கிரைண்டருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டாள்.

மரத்தில் மோதியதில் சக்கரம் தெறித்துவிட்டது என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். சக்கரம் முதலில் போனதா, மரம் முதலில் வந்ததா என்று யாரும் கேட்கவில்லை. முந்தின நாள் இரண்டு ஷிப்ட் ஓட்டிய அப்பா, தான் கண் அசந்துவிட்டதாகத் தானே முடிவு செய்துகொண்டார். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னார். அப்புறம் சாகிற வரைக்கும் அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. மாமா அந்தக் கார்த்திகையில் பர்மனென்ட் ஆனார். உண்மையை அவர் என்னிடம் சொன்னது அப்பாவைக் கொண்டுபோய் எரித்த பிறகு. அதுவரை பொறுமையாகக் காத்திருந்தார்.

ஆனால் எனக்குக் காரணம் தெரியும் என்று அன்றைக்கே நினைத்தேன். புதன்கிழமை நான் சத்தியத்தை மீறினேன். வியாழக்கிழமை அம்மா செத்துப்போனாள். ஒன்பது வயதுக் கணக்கில் இதைவிடச் சுத்தமான விடை கிடையாது. நான் யாரிடமோ சொன்னதால் இல்லை, சொல்ல வேண்டிய ஒருவரிடம் சொல்லாததால்தான் என்று விளங்க எனக்குப் பல வருஷம் ஆனது. அது விளங்கியும் ஆறுதல் இல்லை.

அம்மாவை எடுத்த மூன்றாம் நாள், பால் தெளித்துவிட்டு ஆண்கள் திரும்பியிருந்தார்கள். மாமா கொல்லைக் குழாயடியில் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவரைத் தவிர இதை நான் வேறு யாரிடம் சொல்வது? போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"மாமா, நான் சத்தியத்தை மீறிட்டேன். பொரிப் பைல கொண்டாந்தத சொல்லிட்டேன். அதனாலதான் அம்மா செத்துட்டாங்க."

அவர் கையிலிருந்த சொம்பு அப்படியே நின்றது. என் தோளைப் பிடித்தார். பிடித்த இடம் வலித்தது.

"யாராண்ட சொன்ன?"

பள்ளிக்கூடத்துச் சிநேகிதியிடம் என்றேன்.

"அப்பாவாண்ட சொன்னியா?"

இல்லை என்றேன்.

தோளை இறுக்கிய விரல்கள் தளர்ந்தன. நீளமாக ஒரு மூச்சு விட்டார். பிறகு என்னை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, "போவுது வுடு கண்ணு, இனிமே யாராண்டயும் சொல்லாத" என்று என் தலையைத் தடவிக்கொடுத்தார். அம்மாவைக் கொன்ற என்னை மாமா மன்னித்துவிட்டார் என்று நான் அழுதேன்.