‘இருக்கீங்களா’ கோப்புகள்

நேற்று செம்மேடு பஸ் ஸ்டாண்டில் இறங்கிய ஒரு பெண், நசுங்கிய எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுக்காமலே பூக்காரரிடம் வழி கேட்டுக்கொண்டிருந்தார். எழுபது மலை வளைவு ஏறி வந்த முகம், பார்த்ததும் தெரிந்துவிடும். அந்த வாசனை என்னைக் கடந்ததும் ஜெசிந்தா மேடம் நினைவுக்கு வந்துவிட்டார். கூடவே ஒரு பச்சை நாற்காலியும், அசையாத கம்ப்யூட்டர் திரையும், என் பழைய பயமும்.

பயம் எனக்குப் புதிதல்ல. கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பிப் போகிறவள் நான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, தமிழ்த் தட்டச்சு மட்டும் பழகியிருந்தேன். அதை வைத்துத்தான் ஏழெட்டு வருடங்களுக்கு முன் உரக்கடை மாடியில் வேலை கிடைத்தது. ஒரு தனியார் ஒப்பந்தக்காரருக்காக, மலை ஊர்களின் பழைய நிலப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துச் சேமிக்க வேண்டும். நானும் முருகேசன் அண்ணனும்தான் அங்கே.

படங்கள் எங்கள் கம்ப்யூட்டரில் தங்காது. சேலத்தில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டருக்குப் போய்விடும். ஆனால் எங்கள் திரையிலேயே ஓர் அலமாரி திறந்திருப்பது மாதிரி தெரியும். அதற்கு ஒரு வியாதி இருந்தது. பத்து நிமிடம் எதையும் சேமிக்காமல் இருந்தால், நடுவில் எங்கேயோ இணைப்பு அறுந்துவிடும். அறுந்தது எங்கள் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அடுத்த படத்தை அனுப்பிவிட்டு, வராத பதிலுக்குக் காத்துக் காத்துச் சிலையாகிவிடும். அணைத்துத் திறந்தால் உயிர் வரும். கையிலிருந்த படம் போய்விடும்.

இதற்கு நானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு வெற்றுக் கோப்பைச் சேமிப்பேன். ‘இருக்கீங்களா 1’, ‘இருக்கீங்களா 2’ என்று பெயர் வைப்பேன். சேலத்துக் கம்ப்யூட்டர் ஆயிற்றே, மரியாதை குறையக்கூடாது. நான் டீ குடிக்கப் போனால் முருகேசன் அண்ணன் அதைச் செய்ய வேண்டும். படிக்கட்டிலிருந்தே கத்துவேன்.

“அண்ணா, தொட்டாச்சா?”

“தொட்டாச்சு கண்ணு! இதென்ன கைப்புள்ளையா, அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா தட்டிக் குடுக்கறதுக்கு?”

கீழே உரக்கடைக்காரர்கூட மூட்டை இறக்குகிறவர்களிடம் என் குரலில் “தொட்டாச்சா?” என்று கேட்டுச் சிரிப்பார்.

திருப்புலி நாடு என்ற மலை ஊரிலிருந்து சந்தைக்கு வரும் பாப்பாயி அக்கா, வாரம் தவறாமல் மாடி ஏறி வருவார். அவருடைய மரவள்ளிக் காட்டுக்கு வேறொருவர் உரிமை பேசிக்கொண்டிருந்தார். அது அவர் மாமனாருடையது என்று சொல்வதற்குப் பதிவேட்டில் ஒரே ஒரு பக்கம்தான் இருந்தது. “எங்க பக்கம் வந்துருச்சுங்களா சாமி?” என்று கேட்டு, பச்சை மிளகுக் கொத்து ஒன்றை மேசையில் வைத்துவிட்டுப் போவார்.

அந்தப் பக்கம் வந்ததும் ஒரு சந்தை நாளில்தான். காகிதம் கருகின அப்பளம் மாதிரி இருந்தது. ஃபேனை நிறுத்தினோம். நான் மூங்கில் சிம்பால் ஓரத்தைத் தூக்க, முருகேசன் அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடியில் அட்டையைச் செருகினார். அந்த ஒரு பக்கத்துக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. படம் தெளிவாக விழுந்தது. சேமிக்க அழுத்தினேன். அட்டையை இழுத்தபோது பக்கம் சாமை உமி மாதிரி பொடிந்து மேசையெல்லாம் பரவியது. நிமிர்ந்து பார்த்தால் திரை அசையவில்லை.

அத்தனை கவனத்தில் தொட மறந்திருந்தோம்.

இந்த ஏற்பாட்டைச் செய்து தந்த சேலத்துச் சின்னக் கம்பெனிக்குப் போன் போட்டேன். அழுதிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஒரு பெண் குரல் சொன்னது: “அக்கா, அணைக்காதீங்க. எதையும் அழுத்தாதீங்க. படம் இன்னும் உங்க மெஷின்லதான் இருக்கு. இங்கிருந்து என்னால உள்ள வர முடியல. பஸ் ஏறி வாரேன்.”

மத்தியானம்வரை கம்ப்யூட்டருக்குக் காவல் உட்கார்ந்திருந்தேன். பாப்பாயி அக்கா வந்தார். பொய் சொல்ல வாய் வரவில்லை, நடந்ததைச் சொன்னேன். அவர் மேசைமேல் கிடந்த பொடியைப் பார்த்தார்.

“அப்ப எங்க மாமன் இந்தப் பொட்டிக்குள்ள மட்டுந்தான் இருக்காருங்களா?”

போனில் பேசிய ஜெசிந்தா மேடம் வந்து சேர்ந்தபோது மழைக்கு வானம் இருட்டிக்கொண்டிருந்தது. கையில் எலுமிச்சம்பழம். “தண்ணி குடுங்கக்கா. இல்லீனா உங்க கீபோர்டு மேலயே வாந்தி எடுத்துருவேன்.” அவர் தண்ணீரை வாயில் ஊற்றும்போதே கரண்ட் போனது. யுபிஎஸ் கீச்சிட ஆரம்பித்தது.

“எவ்ளோ நேரம் தாங்கும்?”

“இருபது நிமிசமுங்க.”

“போதும்.” பச்சை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “உங்க மெஷின் செத்துப்போன லைனைப் புடிச்சுட்டு நிக்குது. அதை நான் வெட்டி விட்டா, அதுவே புதுசா ஒன்னு தேடிக்கும்.”

“வெட்டினா படம் போயிராதுங்களா?”

“போகாதுக்கா. பதில் வர்ற வரைக்கும் கையில இருக்கறத விடாது. உங்கள மாதிரிதான் அதுவும்.”

கறுப்புத் திரையில் இரண்டு வரி தட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். “போயிருச்சு, போயிருச்சு!” என்று முருகேசன் அண்ணன் கத்தவும் எனக்கு உயிரே போய்விட்டது. படம் சேலத்துக்குப் போய்விட்டதைத்தான் சொல்லியிருக்கிறார், பாவி மனுசன். பாப்பாயி அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. “எதுங்க எங்க மாமன் பேரு?” என்று கேட்டார். ஜெசிந்தா மேடம் அவர் விரலைப் பிடித்துத் திரையில் அந்த இடத்தில் வைத்தார்.

மறுநாளும் இருந்து, அந்த வியாதிக்கே மருந்து செய்தார். வேலை இல்லாமல் ஐந்து நிமிடம் போனால், எங்கள் கம்ப்யூட்டர் தானாகவே இணைப்பை மூடிவைக்கும். வேலை வந்தால் புதிதாகத் திறந்துகொள்ளும். பதில் தாமதமானால் பழைய இணைப்பைச் சந்தேகப்பட்டு வேறொன்றுக்கு மாறும், கையிலிருப்பதைக் கீழே போடாமல். என் ‘இருக்கீங்களா’ கோப்புகள் ஆயிரக்கணக்கில் கிடந்ததைப் பார்த்தபோது அவர் சிரிக்கவில்லை. திரை நின்ற நேரங்களையெல்லாம் நான் பயந்து பயந்து குறித்து வைத்திருந்த நோட்டைக் கேட்டு வாங்கி, வரி வரியாகப் படித்தார். “இது இல்லீனா எனக்கு ஒரு வாரம் ஆயிருக்கும்க்கா” என்றார். அந்த நோட்டை அதற்கு முன்னால் யாரும் மதித்ததில்லை.

“இப்ப எதையும் தொடாம டீ குடிக்கப் போலாம், மூணு பேரும்” என்றார். டீக்கடையில் நான் இரண்டு முறை எழுந்தேன். இரண்டு முறையும் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தார். முக்கால் மணி நேரம் கழித்துப் போய் ஒரு படத்தைச் சேமித்தேன். கண்ணிமைக்கும் முன் போய்விட்டது.

பாப்பாயி அக்காவின் காடு அவருக்கே நின்றது. பதிவேடுகள் முடிந்ததும் மாடியைக் காலி செய்தார்கள். இப்போது அங்கே அன்னாசிக் கூடைகள் இருக்கின்றன. முருகேசன் அண்ணன் மகனோடு ராசிபுரம் போய்விட்டார். வெற்றுக் கோப்புகளை நானே உட்கார்ந்து அழித்தேன்.

நேற்று உரக்கடை வழியாகத்தான் வந்தேன். மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள், எல்லாம் புது ஆட்கள். படிக்கட்டைப் பார்த்து “தொட்டாச்சா?” என்று வாய்க்குள் கேட்டுக்கொண்டேன். மேலேயிருந்து பதில் சொல்ல ஆள் இல்லை. பரவாயில்லை என்று மெதுவாகவே நடந்தேன், கேஸ் அடுப்பு ஞாபகம் வரும்வரை.