திரைக்குப் பின்னால் ஒரு ராஜா

பொங்கல் விடுமுறை முடிந்து திறந்தால் எங்கள் பல்கலைக்கழகத்தில் பாடம் நடக்கிறதோ இல்லையோ, மேடையில் ஏதாவது நடக்கும். சனிக்கிழமை சாயங்காலமானால் எல்லோரும் அரங்கத்தில்தான். ஒரு வாரம் நாதஸ்வரம் தவில், இன்னொரு வாரம் கிதாரைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிப் பாடும் பையன்கள், அப்புறம் மாணவர் நாடகம். எல்லாவற்றுக்கும் கடைசியாக, ஆசிரியர்கள் நடிக்கும் நாடகம். அது மட்டும் இரண்டு நாள். சனிக்கிழமை மாணவர்களுக்கு, ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடும்பத்தாருக்கு.

நான் வேதியியல் துறை. ஆனால் உள்ளுக்குள் நடிகன். சர்ச்சில் கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஆட்டுக்குட்டியாகத் தொடங்கி, மேய்ப்பனாகி, கடைசியில் கொடுங்கோல் ராஜாவாகப் பதவி உயர்வு பெற்றவன். பல்கலைக்கழகத்தில் மட்டும் வருடா வருடம் மந்திரி வேஷத்தோடு நின்றுபோனேன். ராஜாவாக நடித்துவந்த பேராசிரியர் ஓய்வு பெற்றதும், அடுத்த ராஜா நான்தான் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கும் என் மனைவி அதை ஸ்டாஃப் ரூம் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

நாடகத்தை இயக்குவது ஆங்கிலத் துறைத் தலைவி. என் தலையில் கிரீடத்தை வைத்துப் பார்த்தார். மேடையிலிருந்து இறங்கித் தள்ளி நின்று பார்த்தார்.

"சார், குரல் ராஜா குரல்தான். ஆனா கிரீடம் வச்சா, கிரீடத்துக்குக் கீழ ஆள் இருக்கிறதே தெரிய மாட்டேங்குது."

ராஜா வேஷம் தாவரவியலுக்கு ஆசிரியராகப் புதிதாக வந்த இளைஞனுக்குப் போனது. மேற்கே விவசாயம் பார்க்கும் சம்சாரி குடும்பத்துப் பிள்ளை; இங்கே ஹாஸ்டல் வாசம். ஆறடி உயரம், அகலமான தோள், சிரித்தால் முன்வரிசை மாணவிகள் நோட்டை மூடிவிடுவார்கள். பாடவும் வரும். நேராக என்னிடம் வந்து, "அண்ணே, நீங்க செய்ய வேண்டியது. எனக்குக் கொடுத்துட்டாங்க. வசனம் எப்படிப் பேசுறதுன்னு நீங்கதாண்ணே சொல்லித் தரணும்" என்றான். ஒருவனை நிம்மதியாக வெறுக்கக்கூட விடாத மரியாதை அது. தலைக்கனம் பிடித்தவனாக இருந்திருந்தால் எனக்கு எம்புட்டோ வசதியாக இருந்திருக்கும்.

எனக்குக் கிடைத்தது, திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுக்கும் வேலை. நடிப்பவர் மறந்தால் அவருக்கு மட்டும் கேட்கும்படி கிசுகிசுக்க வேண்டும். ஒத்திகையின்போதெல்லாம் அவன் எங்கே மறப்பான் என்று கையில் வசனத்தோடு காத்திருந்தேன். பாவி ஒரு எழுத்துக்கூட மறக்கவில்லை. நான்தான் இரண்டு இடத்தில் பக்கத்தைத் தவறவிட்டேன்.

கதை இதுதான்: தன்னை எதிர்த்துக் கேள்வி கேட்ட ஊருக்குத் தண்ணீர் போகாமல் கண்மாய் மடையை ராஜா மூடச் சொல்கிறான். பயிர் கருகுகிறது. கடைசிக் காட்சியில் தனியாக நின்று தன் மனதோடு பேசுகிறான். சனிக்கிழமை, அரங்கம் நிறைந்திருக்க, அந்தக் காட்சியில் நம் ஆள் மேடை நடுவில் வந்து நின்றான். வாயைத் திறந்தான். மூடினான்.

மறந்துவிட்டான்.

கிசுகிசுக்கத்தான் நினைத்தேன், சத்தியமாக. ஆனால் எனக்குக் கிசுகிசுக்க வராது. எங்கள் சர்ச் பாடகர் குழுவில் மைக் கிடையாது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்க வேண்டும் என்று சிறுவயதிலிருந்தே தொண்டையைப் பழக்கிவிட்டார்கள். போதாததற்கு, அந்த வசனத்தைக் குளியலறையில் தினமும் உணர்ச்சியோடு பேசிவந்தவன் நான்.

"மடையை மூடச் சொன்னது தண்ணீருக்காக அல்ல. என் முன்னால் நிமிர்ந்து நின்ற ஒரு தலைக்காக."

அரங்கம் அதிர்ந்து அடங்கியது. ராஜா திடுக்கிட்டு நான்கு பக்கமும் பார்த்தான். அது நடிப்பல்ல, நிஜமாகவே பயந்துவிட்டான். ஆனால் பார்ப்பவர்களுக்கு அவன் மனசாட்சியே பேசுவதுபோல் இருந்திருக்கிறது. என்னாலும் நிறுத்த முடியவில்லை. முழு வசனத்தையும் பேசி முடித்தேன். அவன் ஒரு வார்த்தை பேசாமல் கிரீடத்தைக் கழற்றி மண்டியிட்டான். கைதட்டல் ஓயவே இல்லை.

இயக்குநர் மேடம் ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன அருமையான யோசனை சார். எனக்குத் தோணலையே."

"மேடம், நான் மறந்துட்டேன். அண்ணன்தான் காப்பாத்துனாரு."

"தன்னடக்கத்தப் பாருங்க" என்று மேடம் என்னைப் பார்த்துச் சொன்னார். நானும் தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

அவன் என்னை ஓரமாக அழைத்துப்போனான். "அண்ணே, நாளைக்கும் இப்படியே வச்சுக்குவோம். உங்க பேரையும் அறிவிக்கச் சொல்லிட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை என் மனைவி மூன்றாவது வரிசையில் தன் ஸ்டாஃப் ரூமோடு உட்கார்ந்திருந்தாள். நான் புதுச் சட்டை போட்டு, முகத்துக்கு லேசாகப் பவுடரும் போட்டுக்கொண்டு திரைக்குப் பின்னால் நின்றேன். ஒப்பனை செய்பவர், "சார், உங்களை யாரு பாக்கப் போறா?" என்றார். திரை பார்க்கும் என்றேன். அன்றைக்கு என் குரல் முந்தைய நாளைவிடப் பிரமாதமாக வந்தது. முன்வரிசையில் மூக்கு உறிஞ்சும் சத்தம் எனக்கே கேட்டது.

என் பெயரையும் அறிவித்தார்கள். ஆனால் நன்றியுரையில். எங்கள் பக்கம் நன்றியுரை தொடங்கினால் செருப்பைத் தேடிக் கிளம்புவதுதான் வழக்கம். நாற்காலிகள் கிறீச்சிடும் சத்தத்தில் என் பெயர் எனக்கே பாதிதான் கேட்டது.

வீட்டுக்குப் போக ஒத்தக்கடை பஸ்ஸில் உட்கார்ந்ததும் மனைவியின் வாயைப் பார்த்தேன். அவள் சன்னலுக்கு வெளியே பார்த்தாள். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு தாண்டும்வரை பொறுத்துப் பார்த்து, நானே கேட்டேன்.

"கடைசிக் காட்சி எப்படி?"

"அழுதுட்டேங்க. டீச்சருங்க எல்லாரும் அழுதாங்க."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"பின்னாடி இருந்து குரல் பேசுறப்ப, அந்தத் தம்பி ஒரு வார்த்தை பேசாம முகத்துலயே அம்புட்டையும் காட்டுச்சு பாருங்க. நீங்க பாக்கலையா?"

"நான் எப்படிப் பாக்க? நான்தான் அந்தக் குரலு."

"அது தெரியாமலா? வீட்ல தினமும் கேக்குற குரல்தான?" என்றாள். அதோடு விடாமல், "அந்தத் தம்பிய ஒருநாள் சாப்பிடக் கூப்பிடுங்க. ஹாஸ்டல் சாப்பாடு சாப்பிட்டு என்ன பாடுபடுதோ" என்றாள்.

"ஞாயித்துக்கிழமையானா ஊருக்குப் போயிருவான். வரமாட்டான்" என்றேன்.

கூப்பிட்டால் போதும், "வாரேண்ணே" என்று மறுபேச்சில்லாமல் வந்து நிற்பான். அதுதான் பிரச்சினை.